அக்கரையில் கிளம்பியதை வானத்தில் தேடிய 6 ஆண்டுகள்

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால், வடகிழக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் தெருவே மாடியேறிவிடும். முதலில் நெருப்பு தெரியும். ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் உறுமல் வந்து ஜன்னல்களை அதிரவைக்கும். புகை கலைந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். 2016 செப்டம்பர் 8 மாலை, இன்சாட்-3டிஆரைச் சுமந்துகொண்டு ஜிஎஸ்எல்வி-எஃப்05 போனபோது அப்பா மட்டும் இறங்கவில்லை. ஏரியில் வலை வீசுகிறவர் அவர். அது வானிலைக்கான செயற்கைக்கோள் என்று செய்தியில் கேட்டிருந்தார். "போனது இனி எங்கே நிற்கும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 3 ஆண்டுகள் கழித்து, செயற்கைக்கோள்களைப் படமெடுக்க நான் கேமரா வாங்கியதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

வாங்கியது ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், அதனுடன் வந்த 18-55 லென்ஸ், கம்பி ரிமோட், மலிவான முக்காலி. பின்னர் அதிக ஒளியை உள்ளே விடும் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்த்தேன். கொடுத்த காசுக்கு இதைவிட அதிகம் உழைத்த பொருள் என்னிடம் இல்லை. முக்காலிதான் ஏமாற்றியது. ஏரிக்காற்றில் ஆடியது, இரண்டாம் ஆண்டில் அதன் தலைத் திருகு உப்பில் துருவேறி இறுகிப்போனது. இப்போது வைத்திருப்பது கனமான பழைய முக்காலி. நடுவில் மணல் பை ஒன்றைத் தொங்கவிட்டால் அசையாது. அதே ஆண்டு ஐப்பசி மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது. சுத்தம் செய்த பிறகும் ஓரத்தில் தழும்பு இருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் லென்ஸ் வாங்கும் அன்றே காற்றுப்புகாத டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள்.

எந்தச் செயற்கைக்கோள் எப்போது நம் வானத்தைக் கடக்கும் என்று பார்க்க ஹெவன்ஸ்-அபவ் இணையதளத்தை நம்புகிறேன். சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்தை அவ்வப்போது எஞ்சினை இயக்கி ஏற்றுவார்கள் என்பதால், போன வாரம் குறித்துவைத்த நேரம் இன்று பொருந்தாமல் போகலாம். அன்று மாலையே மறுபடி பார்ப்பது நல்லது. முதல் ஆண்டில் நான் பயன்படுத்திய வேறொரு செயலி, பூமியின் நிழலுக்குள் போய்விட்ட செயற்கைக்கோள்களுக்கும் மணியடித்து மாடிக்கு விரட்டியது. அதை நீக்கிவிட்டேன். ஆனால் நிழலைப் பற்றி யோசிக்க வைத்ததும் அதுதான்.

செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்கு இருட்டியிருக்க வேண்டும், அதன்மேல் வெயில் பட வேண்டும். ஐரோப்பாவின் வடபகுதியில் கோடையில் சூரியன் தொடுவானத்துக்குச் சற்றுக் கீழேயே சுற்றிவருவதால் இரவு முழுவதும் விண்வெளி நிலையத்தைப் பார்க்கலாம். நமக்கோ சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் நிலையம் நம் தலைக்கு மேல் ஒளிர்வது சூரியன் மறைந்து ஏறத்தாழ 80 நிமிடம் வரைதான். விடியலுக்கு முன்னும் அவ்வளவே. பல நாள் பாதி வானத்தைக் கடந்ததும் செம்மை ஏறி, மங்கி, அணைந்துவிடும். அங்கே சூரியன் மறையும் நேரம் அது. ஷட்டரைச் சில வினாடிகள் திறந்துவைத்தால் நகரும் நிலையம் படத்தில் கோடாக விழும். அந்த அணைதலைக் கோட்டின் நுனியில் பதிவுசெய்த படங்கள்தான் எனக்குப் பிடித்தவை. அதற்கு அண்ணாமலைச்சேரிப் பக்கம் ஏரிக்கரைக்குப் போகிறேன். மேற்கே ஸ்ரீசிட்டி தொழில் நகரின் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், கிழக்கு இருட்டாகக் கிடைக்கும்.

படமெடுப்பதில் நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. தலைக்கு மேல் நிலையம் வினாடிக்குச் சுமார் ஒரு பாகை நகர்கிறது. சென்சாரின் ஒரு புள்ளியில் அதன் ஒளி நிற்பது கண நேரம். ஷட்டரை 10 வினாடியிலிருந்து 30 வினாடியாக்கினால் கோடு நீளுமே தவிரப் பிரகாசமாகாது, வானம்தான் வெளுக்கும். லென்ஸின் திறப்பும் ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்வு அளவும்தான் கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிக்கின்றன. இது தெரியாமல் ஓராண்டுப் படங்களை வெளுக்கவைத்துவிட்டேன்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி நம்மூருக்கு வாய்த்த வரம். அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை மட்டுமே சாய்ந்தது. லண்டனில் தொடுவானத்துக்கு மேலேயே வராது. இங்கே உச்சி வழியாகவே போகும். ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களின் வரிசை முதல் தடவை பார்க்க வியப்பு, பிறகு எனக்கு அதில் ஆர்வம் குறைந்துவிட்டது.

இனி அப்பாவின் கேள்வி. இன்சாட்-3டிஆர் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 74 பாகைக்கு நேரே நிற்கிறது. பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் நமக்கு அசையாது. கண்ணுக்கும் தெரியாது. ஆனால் மேலே சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகிறது. முக்காலியில் நிற்கும் கேமராவில் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். செயற்கைக்கோளின் ஒளி ஒரே புள்ளியில் விழுந்து சேர்ந்துகொண்டே இருக்கும். காத்திருந்தால் கிடைக்கும். நம் ஊரிலிருந்து பார்க்கும்போது இப்படி அசையாமல் நிற்கும் செயற்கைக்கோள்களின் வரிசை, ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் தெரியும் மூன்று நட்சத்திரங்களின் பாதைக்குச் சற்றே தெற்கில் அமைகிறது. பிப்ரவரி இரவுகளில் அவற்றை வைத்துத் திசையைப் பழகினேன். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி இவை கூடுதலாக ஒளிரும்; நள்ளிரவை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடப் பூமியின் நிழலில் மறைந்துவிடும்.

மூன்று மார்ச் மாதங்கள் தோற்றேன். ஒரு முறை மேகம், ஒரு முறை பனி படிந்த லென்ஸ், ஒரு முறை குவியம் பிசகியிருந்தது. நான்காவது மார்ச்சில், 50 மில்லிமீட்டர் லென்ஸில் 30 வினாடிப் படங்களை வரிசையாக எடுத்தேன். கோடுகளுக்கு நடுவே அசையாத புள்ளிகள் தெரிந்தன. நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் 74 பாகைப் பக்கத்துப் புள்ளி படத்துக்குப் படம் மங்கிக் காணாமல் போனது. அந்த இடத்தில் நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் ஒன்றுக்கு மேல் நெருக்கமாக நிற்கின்றன. அப்பாவிடம் அதையும் சொல்லித்தான் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இங்கேயேதான் இருந்திருக்கிறது" என்றார்.

அது நகராது என்பதால் கேமராவும் நகர வேண்டியதில்லை. முக்காலியின் கால்கள் படும் மூன்று இடங்களிலும் மாடித் தளத்தில் சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைத்திருக்கிறேன். போன பொங்கலுக்கு மாடிக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம், அந்த மூன்றையும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார் அப்பா.