நிலவுக்குப் போக பீரங்கியா, மாயத் தகடா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான்காம் படிவ இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஈர்ப்புப் பாடத்தோடு ஒரு நாவலையும் கொடுத்துக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்வதென்றால், இரண்டு பேர் போட்டிக்கு வருகிறார்கள். ஜூல்ஸ் வெர்ன் 1865இல் வெளியான நாவலிலும் அதன் தொடர்ச்சியிலும் மூன்று பேரைப் பீரங்கிக் குண்டுக்குள் அடைத்து நிலவை நோக்கிச் சுட்டார். 1901இல் எச். ஜி. வெல்ஸ், ஈர்ப்பைத் தடுக்கும் 'கேவரைட்' பூசிய கோளத்தில் இருவரை ஏற்றி அனுப்பினார். என் ஓட்டு வெர்னுக்கு.

காரணம், அவர் எண்களைத் தருகிறார். வேகம் வினாடிக்கு 12,000 கெஜம், சுமார் 11 கிலோமீட்டர். பூமியின் ஈர்ப்பை மீறிப் போகத் தேவையான விடுபடு வேகம் என்று பாடநூல் சொல்வது 11.2 கிலோமீட்டர். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால் ஏறக்குறைய சரிதான். ஆனால் பீரங்கியின் நீளம் 900 அடி. அதற்குள் அந்த வேகத்தை எட்ட, புவியீர்ப்பைப் போல 22,000 மடங்கு முடுக்கம் வேண்டும். குழாயை விட்டு வெளியே வருவதற்குள் மூவரும் கூழாகியிருப்பார்கள்! நிலவு உச்சிக்கு வரும் இடம் தேவை என்று 28 பாகை அட்சரேகைக்குள் தேடி புளோரிடாவைத் தேர்ந்தெடுத்தார். அந்த விதிப்படி 5 பாகையில் இருக்கும் நம் ஊருக்கும் தகுதி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த நாய். வழியில் செத்த நாயை ஜன்னல் வழியே வெளியே போடுகிறார்கள். அது பின்தங்காமல் குண்டின் பக்கத்திலேயே வருகிறது. மிகச் சரி, ஈர்ப்பு நாயையும் குண்டையும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது. அப்படியானால் உள்ளே இருப்பவர்களும் வழி நெடுக மிதக்க வேண்டும் அல்லவா? வெர்னோ இரு ஈர்ப்புகளும் சமமாகும் ஒரே இடத்தில் மட்டும் அவர்களை மிதக்கவிடுகிறார். நாய்க்குக் கொடுத்த நியாயத்தை மனிதருக்குக் கொடுக்கவில்லை.

வெல்ஸின் ஆட்கள் சாமான்களோடு ஒழுங்காக மிதக்கிறார்கள். ஆனால் அந்தக் கேவரைட் தகடுதான் உதைக்கிறது. சக்கரத்தின் ஒரு பாதிக்கு அடியில் அதை வைத்தால் அந்தப் பக்கம் எடை இழக்கும். சக்கரம் எரிபொருளின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். செம்பனை ஆலையையே ஓட்டிவிடலாம். கோளம் சீறிப் பாயவும் வழியில்லை. நம் ஊரைப் பூமி வினாடிக்கு சுமார் 460 மீட்டர் வேகத்தில் சுழற்றுகிறது. ஈர்ப்பு அறுந்தால் கோளம் அந்த வேகத்தில் நேர்கோட்டில் விலகும். காற்றை மறந்து கணக்கிட்டால் முதல் நிமிடத்தில் 60 மீட்டர்தான் உயரும். 1903 பேட்டி ஒன்றில் வெர்னே அந்தக் கேவரைட் உலோகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டார்.

எழுத்தில் வெல்ஸ்தான் முந்துகிறார். உறைந்த காற்று விடியலில் உருகி, நிலவில் செடிகள் கண்ணெதிரே முளைக்கும் அத்தியாயத்தைப் பிள்ளைகள் விடுமுறையில் படிக்கட்டும்.