ஆங்கி செயலியோடு ஒன்பது மாத ஜெர்மன்

ஸ்பூன் ஆண்பால், ஃபோர்க் பெண்பால், கத்தி இரண்டிலும் சேராத மூன்றாவது பால். ஜெர்மன் படிக்க ஆரம்பித்த முதல் மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது இதுதான். நமக்கு மூன்றுமே அஃறிணை, 'அது' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அங்கேயோ டேர் லோஃபல், டீ காபல், டாஸ் மெஸ்ஸர். பெரும்பாலும் காரணம் தேடிப் பயனில்லை, மனப்பாடம்தான் வழி. ஆங்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கும் மனப்பாடம் என்றுதான் பொருள்.

அந்தப் பெயரில் டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-இல் வெளியிட்ட மனப்பாட அட்டைச் செயலி இது. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பார்த்துவிட்டு மறுபடி, கடினம், சரி, எளிது என்ற நான்கில் ஒன்றை அழுத்த வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த முறை வரும் இடைவெளி நாளாகி, வாரமாகி, மாதமாகும். மறக்கப்போகும் சமயத்தில் வந்து கேட்கும், அவ்வளவுதான். நட்சத்திரம், பரிசு, போட்டி எதுவும் இல்லை. எதைப் படிப்பது, ஒரு நாளைக்கு எத்தனை என்பதெல்லாம் நம் முடிவு.

எனக்குப் பிடித்ததும் அதுதான், முதலில் அடிபட்டதும் அங்கேதான். ஒரு நாளைக்கு 20 புதிய அட்டைகள் என்று இருந்ததை ஆர்வக் கோளாறில் 40 ஆக்கினேன். ஒவ்வொரு புதிய சொல்லும் அடுத்த சில வாரங்களில் பல முறை திரும்பி வரும் என்று யோசிக்கவே இல்லை, நான்கு நாள் தொடர்ந்து இரவுப் பணி வந்தது, திறந்து பார்த்தால் 600-க்கும் மேல் காத்திருந்தன. இப்போது 10-தான், பணி கடுமையான வாரத்தில் புதியதே கிடையாது.

அப்புறம் அந்த 'கடினம்' பொத்தான். பதில் மறந்துபோயிருந்தாலும் 'மறுபடி' அழுத்த மனம் வராமல் 'கடினம்' அழுத்திக்கொண்டிருந்தேன். கடினம் என்றால் கஷ்டப்பட்டாவது நினைவு வந்தது என்று பொருள், ஆகவே செயலி அதைச் சரியான விடையாகவே எடுத்துக்கொள்ளும். 2023-இல் ஆங்கியில் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற கணக்கு முறையைப் போட்டிருந்தால் இந்தத் தவறு இன்னும் மோசம், ஏனென்றால் அது நம் பழைய விடைகளை வைத்துத்தான் இடைவெளியைக் கணிக்கிறது. இதில் நேர்மையாக இருக்கப் பழகிய பிறகுதான் எனக்கு எவ்வளவு தெரியும் என்றே எனக்குத் தெரிந்தது.

ஒரே அட்டையை எட்டு முறை மறந்தால் அதற்கு ஆங்கிலத்தில் 'லீச்' என்று, அதாவது நம் மழைக்கால அட்டைப்பூச்சி என்று, பெயர் வைக்கும், அமைப்பில் நாம் கேட்டிருந்தால் நிறுத்தியும் வைக்கும். அருமையான ஏற்பாடு. எனக்கு அப்படி நின்ற ஒரு ஜோடி, நகரத்துக்கான ஷ்டட், அரசுக்கான ஷ்டாட். எழுத்தைப் பார்த்தே படித்ததால் குழம்பியிருக்கிறேன், காதால் கேட்டால் வெறும் குறில் நெடில் வித்தியாசம், நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! ஒலியைச் சேர்த்து அட்டையை மாற்றி எழுதினேன், அதன்பிறகு தவறவில்லை.

பேச இது கற்றுத்தராது. கோதே நிறுவனம் நடத்தும் பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும், அதில் பேச்சுக்கு ஒரு மனிதர்தான் எதிரே வேண்டும். நான் வாரம் இரண்டு நாள் தோழியுடன் பேசிப் பழகுகிறேன், அங்கே தடுமாறிய வாக்கியம்தான் மறுநாள் அட்டை ஆகிறது. பிறர் செய்த தொகுப்பை இறக்கிப் படித்தபோது இந்த ஒட்டுதல் வரவே இல்லை.

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் ஒரே தடவை சுமார் 25 டாலர் கட்ட வேண்டும், அதனால் ஐபோன்காரர்கள் முதலில் ஒரு மாதம் கணினியில் பத்துப் பத்து அட்டையாக ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.