நானோ மஞ்சள் சொட்டு: 138 வெள்ளிக்கு ஒரு போத்தல்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மடக்கு மேசை போட்டு விற்கிறார்களே, அந்த நானோ மஞ்சள் சொட்டை ஒரு மாதம் குடித்துப் பார்த்தேன். 30 மில்லி போத்தல், 138 வெள்ளி. விற்ற தம்பி என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம், அதனால் பெயர் வேண்டாம்.

வாங்க வைத்தது பயம்தான். என் அக்கா குடல் புற்றுநோயில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "மாமா, தினமும் 20 சொட்டு, கேன்சர் கிட்டவே வராது" என்று அவன் சொன்னதும் காசை எடுத்து நீட்டிவிட்டேன்.

சாமான் செய்த விதத்தைக் குறை சொல்ல மாட்டேன். சமையல் மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் அடியில் படிந்துவிடும். இது படியவில்லை. ராத்திரி மேசையில் வைத்த கிளாஸ் விடிந்தும் அப்படியே தெளிந்த மஞ்சளாக இருந்தது. 26 வருஷம் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் நின்றவன் நான், பார்த்ததும் பிடிபட்டது. ரப்பர் தண்ணீரில் கரையாது. ஆனாலும் வாளியில் வரும் பாலில் அது கட்டியாகாமல் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள், ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்பும் சட்டை போட்ட மாதிரி. பார்மிக் ஆசிட் ஊற்றினால் ஒன்றோடொன்று ஒட்டி உறையும். இந்தச் சொட்டிலும் அதே வித்தைதான். மஞ்சளில் உள்ள குர்குமினும் தண்ணீரில் கரையாத சாதி. அதை நானோ என்கிற நுண்துகளாக்கி, லெசித்தின் என்ற கொழுப்பைப் போர்த்தி மிதக்க விட்டிருக்கிறார்கள். சுவை மட்டும் மோசம். கசப்பு, அப்புறம் நாக்கின் பின்பக்கம் சோப்பு வாடை.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சும்மா விழுங்கும் குர்குமினில் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்துக்குப் போகிறது. போனதையும் குடலும் ஈரலும் சீக்கிரமே மாற்றிக் கழித்துவிடும். 1998ல் பெங்களூர் ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகில் இருக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில், ரத்தத்தில் சேர்ந்தது ஏறக்குறைய 20 மடங்கு கூடியது. உடனே மிளகு ரசத்தைப் பெருமையாகப் பேச வேண்டாம். மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். 2 கிராம் வேண்டுமானால் அறுபது கிராமுக்கு மேல் தூள் போட வேண்டும், எந்த வீட்டு ரசம் தாங்கும்?

சரி, ரத்தத்தில் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். புற்றுநோய் வராமல் இருக்குமா? சோதனைக்கூடத் தட்டில் வளர்த்த செல்களையும் எலிகளையும் வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள். மனிதனுக்கு நோயைத் தடுத்தது என்று உறுதியாகக் காட்டியதில்லை. இதைக் கேட்டால் தம்பி, கேன்சர் மருந்தே நானோவில் வருகிறது என்கிறான். உண்மைதான், யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்செலை ஆல்புமின் என்ற புரதத் துகளில் ஏற்றிய மருந்துக்கு அமெரிக்காவில் 2005ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது நோய் வந்தவருக்கு டாக்டர் கணக்குப் பார்த்து நரம்பில் ஏற்றுவது. பாசார் மாலாமில் சொட்டு போட்டுக் கொடுப்பதில்லை.

பெட்டியை வீட்டுக்கு வந்துதான் நிதானமாகப் படித்தேன். 'பானம்' என்று மட்டும் போட்டிருக்கிறது. பதிவு செய்த மருந்துக்கு இருக்க வேண்டிய எம்ஏஎல் எண் இல்லை, புற்றுநோய் என்ற சொல்லும் இல்லை. புற்றுநோயைத் தடுக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய இங்கே 1956ஆம் வருஷத்து மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் விடாது. அதனால் பெட்டி வாயை மூடிக்கொள்கிறது, ஏஜென்ட் வாய் பேசுகிறது.

இதோடு போயிருந்தால் காசுதான் நஷ்டம். மனைவி இருதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாள். எனக்குச் சொல்லாமல் அவளும் பத்து நாள் குடித்திருக்கிறாள். கிளினிக்கில் மாதாமாதம் எடுக்கும் ரத்தச் சோதனையில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு ஏறியிருந்தது. மருந்து கொடுக்கும் பெண் "ஆன்ட்டி, புதுசா என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்ட பிறகுதான் போத்தல் விஷயம் வெளியே வந்தது. அன்றே நிறுத்தச் சொன்னார். குர்குமின் ரத்தம் உறைவதைக் குறைக்கலாமாம், நன்றாக உறிஞ்சப்படும் வகையில் செய்திருந்தால் இன்னும் கவனம் வேண்டுமாம். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023ல் இவ்வகைச் சரக்குகளால் ஈரல் கெடலாம் என்று எச்சரித்திருக்கிறது. எனக்கு எரிச்சல் இங்கேதான். யாருக்கு ஆகாது என்று அந்தப் பெட்டியில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

காசைத் திருப்பிக் கேட்டேன். திறந்த போத்தலை வாங்க மாட்டார்களாம். மிச்சத்தைச் சிங்கில் ஊற்றினேன், மூன்று தடவை தேய்த்தும் மஞ்சள் கறை போகவில்லை.