ஜெர்மனியின் தேசிய சைக்கிள் பட்டம்: சாலை ஓட்டமா, நேர ஓட்டமா?

ஜெர்மனியின் தேசியச் சாலை சைக்கிள் போட்டிகளில், அனைவரும் ஒன்றாகப் புறப்படும் சாலை ஓட்டத்தைப் பார்ப்பதா, ஒவ்வொருவராகப் புறப்பட்டு, குறைந்த நேரத்தில் முடிப்பவர் வெல்லும் தனிநபர் நேர ஓட்டத்தைப் பார்ப்பதா என்று தயங்குவோருக்கு, ஆடவர் பிரிவின் பழைய வெற்றியாளர் வரிசையே பெருமளவு விடை சொல்லிவிடுகிறது.

முடிவைக் கணிப்பது: நேர ஓட்டத்தில் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் டோனி மார்ட்டினே வென்றார். அதே காலத்தில் சாலை ஓட்டப் பட்டம் வெக்மன், கிரைப்பெல், புக்மன், புர்க்ஹார்ட், ஆக்கர்மன், ஷாக்மன் என ஆறு பேரிடம் கைமாறியது. கிரைப்பெல் கடைசிச் சில நூறு மீட்டர்களில் பாய்ந்து வென்றவர், புக்மனோ மேடேறுவதில் வல்லவர்; ஆகவே பாதையின் தன்மை மாறினால் பட்டத்துக்கு உரியவரும் மாறிவிடுகிறார்.

பார்க்கும் சுவை: நேர ஓட்டத்தில் கம்பிகள் தெரியாமல் தட்டுப்போல் மூடிய பின்சக்கரம் உறும, வீரர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போவார்கள், கையில் கடிகாரம் இல்லையென்றால் முந்துவது யார் என்றே தெரியாது. சாலை ஓட்டத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

சட்டை: கறுப்பு, சிவப்பு, பொன்னிறப் பட்டைகள் கொண்ட சட்டையைச் சாலை வெற்றியாளர் ஓராண்டு முழுவதும் சாலைப் பந்தயங்களில் அணிகிறார், நேர ஓட்ட வெற்றியாளருக்கோ அது நேர ஓட்டங்களில் மட்டுமே, சற்று அநியாயம்தான்.

தனி ஒருவரின் ஆற்றலை அளந்து ரசிப்பவர்களுக்கு நேர ஓட்டமும், கடைசி வளைவு வரை முடிவு தெரியாத பரபரப்பை நாடுவோருக்குச் சாலை ஓட்டமும் பொருந்தும்.