டிரான்ஸ்கிரிபஸ்: கடிதத்தை வாசிக்கும், பட்டாளத்துப் படிவத்தில் திணறும்

இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 2019 முதல் ரீட்-கோப் என்ற கூட்டுறவு அமைப்பு நடத்திவரும் இணையச் சேவை டிரான்ஸ்கிரிபஸ். கோர்த்தெழுதிய பழைய ஆங்கிலக் கடிதத்தைத் தட்டச்சு வரிகளாக மாற்றித் தரும். கையெழுத்துப் பக்கம் ஒன்றுக்கு ஒரு கிரெடிட் (சேவையின் கட்டண அலகு) செலவாகும். இலவசக் கணக்கிலேயே மாதாமாதம் கொஞ்சம் கிடைப்பதால், முதலில் ஐந்தாறு பக்கம் போட்டுப் பார்ப்பது நல்லது.

முடிவு ஸ்கேனிலேயே பாதி தீர்மானமாகிவிடும். தாளை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் வேண்டவே வேண்டாம், மடிப்பில் கிழியும். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிட்டு, தட்டைக் கண்ணாடி ஸ்கேனரில் 300 டிபிஐ, பொடி எழுத்தென்றால் 400, வண்ணத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் பென்சில் கோடு மறைந்துவிடும். மெல்லிய ஏர்மெயில் தாளில் மறுபக்க மை தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் போதும்.

சேவை முதலில் வரிகளைக் கண்டுபிடிக்கும், பிறகுதான் எழுத்தை வாசிக்கும். தப்பு பெரும்பாலும் முதல் கட்டத்தில்தான். விரித்த கடிதத்தை ஒரே படமாக ஏற்றினால் இடப்பக்க வரி வலப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாக வெட்டி ஏற்றுங்கள். ஓரத்தில் குறுக்காக எழுதியதற்குத் திரையில் தனிப் பகுதி வரைய வேண்டும்.

பட்டாளத்துப் பணிப் பதிவேடுகளில்தான் ஏமாற்றம். அச்சிட்ட கேள்வி, கைப்பட எழுதிய பதில், மேலே சாய்வாக ரப்பர் ஸ்டாம்ப்: மூன்றும் கலந்து வரும். தேதி, ஊர், உத்தரவு எண் என்ற கட்டங்கள் ஒரே வரியாகிவிடும். 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் பிரிட்டிஷ் போர்த்துறையின் லண்டன் ஆவணக் கிடங்கு எரிந்தபின் மிஞ்சிய முதல் உலகப்போர்ப் பதிவுகளில் ஓரம் கருகிய பக்கங்கள் உண்டு. அப்படிப்பட்ட தாளில் பெரிய மாடல்கள் (கையெழுத்தை வாசிக்கப் பழக்கிய மென்பொருள்கள்) அறுந்த சொல்லைத் தாமாகவே நிரப்பிவிடுகின்றன. படிக்கச் சரளமாக இருப்பதால் கண்ணில் படாது. படை எண்ணில் 1, 7 மாறினால் ஆளே மாறிப்போவார். எண், பெயர், ஊர் மூன்றையும் மூலத்தோடு விரல் வைத்துச் சரிபாருங்கள். தெளிவில்லாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போடுங்கள்.

ஒருவர் கையெழுத்துக்கென மாடல் பயிற்றுவிக்க 5,000 முதல் 15,000 சொற்கள் கொண்ட, திருத்திய பிரதி தேவை. இருபது கடிதத்துக்கு அந்தப் பாடு வீண். பொது மாடலை ஓட்டித் திருத்துவதே லாபம். படிவங்களை நேரே எக்செலில் தட்டச்சு செய்துவிடலாம். மூலத் தாள்களை லேமினேட் செய்யாமல், பிவிசி கலக்காத பாலியெஸ்டர் உறையில் போட்டு வையுங்கள்.