3,85,000 ரூபாய்க்கு ஒரு பெயிண்ட் டப்பா! பழைய லேத் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

வயிறு எரிகிறது, அதனால் கோர்வையாக வராது. கோவை கணபதியில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பம்ப், மோட்டார் ஷாஃப்ட் வேலை. பெல்ட்டில் ஓடுகிற அப்பா காலத்து கோன் புல்லி லேத் (கடைசல் மிஷின்) இனி ஓடாது என்றாகிவிட்டது. ஒன்றிரண்டாக வருகிற ரிப்பேர் ஷாஃப்டுக்கு கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மிஷின் கட்டுப்படியாகாது. சரி, நல்ல நிலையில் ஒரு பழைய எச்.எம்.டி. கம்பெனி லேத் கிடைத்தால் போதும் என்று தேடினேன்.

பழைய மிஷின் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் விளம்பரம். 'பெட் கிரைண்டிங் செய்தது, உடனே ஓட்டலாம்.' (பெட் என்பது மிஷினின் நீளமான அடித்தளம்; டூலைத் தாங்குகிற சாடில் அதன்மேல்தான் ஓடும்.) ஊருக்கு வெளியே ஒரு குடோன். போனதுமே டீ வந்துவிட்டது. "அண்ணா, மிஷின் தங்கமுங்க, நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று விற்கிறவன் ஒதுங்கி நின்றுகொண்டான். கியர், பேரிங் இருக்கிற ஹெட் ஸ்டாக் பெட்டியின் மூடியைத் திறந்து கியர் பல்லைக் காட்டினான், ஒரு பல்கூட உடையவில்லை. பெட்டில் ஸ்க்ரேப்பர் போட்ட பூப்பூவான தடம், புதிதாகச் சுரண்டிச் சீர் செய்தது போல. 25 மி.மீ. ராடைச் சக்கில் (சுற்றுகிற பிடி) பிடித்து, ஒரு விரல் நீளம் கடைந்து, மைக்ரோமீட்டரை என் கையிலேயே கொடுத்தான். அளவு அச்சாக இருந்தது. எங்கள் டர்னர் அண்ணனும் தலையாட்டினார். அங்கேயே பேசி முடித்து 3,85,000 ரூபாய் கொடுத்தேன். கிரேன், லாரி கூலி தனி.

இறக்கி, லெவல் பார்த்து, முதல் ஷாஃப்டை ஏற்றினோம். 6205 பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ.; எங்கள் டிராயிங்கில் கூடுதலாக 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரான் வரைதான் விடுவார்கள். 200 மி.மீ. நீளத்துக்குள் 0.06 மி.மீ., அதாவது 60 மைக்ரான் டேப்பர் அடிக்கிறது, ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்து! அவன் காட்டிய ஒரு விரல் நீளத்தில் இது எப்படித் தெரியும்? சக் பக்கம்தான் காலமெல்லாம் வேலை நடக்கும், பெட் அங்கேதான் தேயும். தேய்ந்த பெட்டின் மேல் கை கிரைண்டரை வைத்து அந்தப் பூவைப் போட்டிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் சாடில் ஓரத்தில் பெயிண்டோடு, அடியில் பூசியிருந்த பட்டியும் (புட்டி) பெயர்ந்து வருகிறது. ஹெட் ஸ்டாக்கில் ஆயிலை இறக்கினோம், தேன் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. சத்தம் தெரியாமலிருக்கக் கெட்டி கியர் ஆயில். 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயிலை மாற்றி ஊற்றிய பிறகுதான் பேரிங் போட்ட கூச்சல் வெளியே வந்தது.

போன் செய்தேன். முதலில், "உங்க ஃபவுண்டேஷன் லெவல் சரியில்லீங்கண்ணா." லெவல் சரியில்லாமல் பெட் முறுக்கினாலும் டேப்பர் வரும், வாஸ்தவம்தான். மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக் காட்டுகிற ஸ்பிரிட் லெவல் வைத்து மறுபடி பார்த்தோம், டேப்பர் அப்படியே. அப்புறம், "கிரேன்காரன் முறுக்கியிருப்பான்." அப்புறம், "உங்க ஆளுக்கு ஓட்டத் தெரியலீங்க." முப்பது வருஷம் லேத்தில் நிற்கிற மனுஷனைப் பார்த்து! கடைசியில் அண்ணாவும் போய், "சார், பில்லைப் படிங்க." பில்லுக்குப் பின்னால் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி'. இப்போது போனை எடுப்பதே இல்லை. அந்தத் தளத்துக்காரர்களோ, "நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம்" என்று கை கழுவிவிட்டார்கள். 3,85,000 ரூபாய் சாமி. பெட் கிரைண்டிங், சாடில் வேலை, பேரிங் என்று இனிமேல் ஆகப்போகிற செலவு வேறு.

"கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்களேன்" என்று சிரித்தான் ஒரு தடவை. வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்றால் அங்கே எடுபடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, தானே தொழில் செய்யவென்று மட்டும் வாங்கியதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. வக்கீலிடம் பேப்பரைக் கொடுத்திருக்கிறேன்.

என்னவெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். சாடில் லாக்கைச் சக் பக்கத்தில் லேசாக இறுக்கிவிட்டு, ஹேண்ட் வீலைச் சுற்றி டெயில் ஸ்டாக் (ராடின் மறுமுனையைத் தாங்குவது) பக்கம் கொண்டுபோங்கள். போகப் போக இறுகிப் பிடித்தால் சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது. ஆஃப் நட்டை (சாடிலை லீட் ஸ்க்ரூ என்கிற நீள மரைத் தண்டோடு பிடிக்கிற பாதி நட்) போடும்போது லீட் ஸ்க்ரூ மேலேயோ கீழேயோ அசைந்தால், சாடில் இறங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். ஹெட் ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக இருந்தால் இன்னொரு நாள் சொல்லாமல் போய், ஆறிய மிஷினை ஓட்டச் சொல்லுங்கள். டெஸ்டுக்கு ராடு நீங்களே கொண்டுபோங்கள், தடியான ராடு, சக்குக்கு வெளியே 200 மி.மீ. நீட்டி, டெயில் ஸ்டாக் கொடுக்காமல் கடைந்து இரண்டு முனையையும் அளங்கள். அதற்கு "நேரமில்லீங்கண்ணா" என்றால் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிடுங்கள்.