அஸ்தம்பட்டி புரோக்கர் கூட்டம்: 300 ரூபாய்க்குத் தேறுமா?

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு ஹோட்டல் மாடியில் மனை, வீடு முடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். காலை டிபனோடு 300 ரூபாய். மூன்று மாதமாகப் போகிறேன்.

முதல் அரைமணி வீண். மைக்கைப் பிடித்தவர் விடுவதில்லை. சட்டைப்பை நிறைய விசிட்டிங் கார்டு சேர்ந்தது. அதில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருந்தவை நாலே நாலு. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவான திட்டத்தின் மனையை விற்க ஏஜென்டும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த மைக்கில் இதையாவது சொல்லலாம்.

விஷயம் இருப்பது டிபனுக்கு அப்புறம்தான். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தைப் பிரித்து விற்கிறார்கள், என்னிடம் பார்ட்டி தயார். ஓமலூர்க்கார அண்ணன் ஒருவர் பட்டா நகலைப் பார்த்துவிட்டு, "தம்பி, மலையில பட்டா மட்டும் பத்தாது. அது ஹாக்கா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) பகுதி, மனைக்கு அனுமதி வாங்கியிருக்காங்களான்னு கேளு" என்றார். கேட்டேன். வாங்கவில்லை. அட்வான்ஸ் கைமாறும் முன் தப்பித்தோம்.

குறை என்றால் கமிஷன் பங்குதான். நான் பேச்சுவாக்கில் சொன்ன பார்ட்டியை ஒருவர் நேரே கன்னங்குறிச்சி வீட்டுக்குக் கூட்டிப்போய் முடித்துவிட்டார். கேட்டால், "எனக்கு முன்னாடியே தெரிஞ்சவங்க" என்கிறார்! இப்போது பங்கை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் பெயரே சொல்வதில்லை. நடத்துகிறவர்கள் இதற்கு ஒரு விதி வைக்கலாம்.

பொங்கல் அருமை, காபி தண்ணீர். வண்டி நிறுத்த இடமில்லை. அடுத்த மாதமும் போவேன், அரைமணி தாமதமாக.